மலை முகட்டைத் தேடியவர்கள்

2018 ஜூலையில் ஒரு காணொளி ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பரவியது. புழுதிப் பாதை ஒன்றில் சீருடை அணிந்த சிலர் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு குழந்தை தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டிருக்கிறது. போகோ ஹராம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று அந்தப் பெண்களை அவர்கள் ஏசுவது காதில் விழுகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் எழுதப்போவதில்லை. நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு மேல் வாசகருக்குத் தேவையில்லை.

எந்த நாடு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லும் ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. கேமரூன் என்றார்கள் சிலர், மாலி என்றார்கள் சிலர். கேமரூன் அரசு பொய்ச்செய்தி என்று கைகழுவியது. படத்தில் இருப்பவர்களின் உடையும் ஆயுதமும் அந்தப் பகுதியில் தங்கள் படையினர் பயன்படுத்துபவை அல்ல என்றது. உலகம் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தது. நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள், மறுக்க விரும்பியவர்கள் மறுத்தார்கள்.

பிபிசியின் 'ஆப்பிரிக்கா ஐ' குழு, அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் ஆய்வாளர்கள், ட்விட்டர் வழியாகக் கைகோத்த தன்னார்வலர்கள் ஆகியோர் செய்தது வேறு. படத்தின் முதல் நாற்பது நொடிகளில் தொலைவில் ஒரு மலைத்தொடரின் முகடு தெரிகிறது. அதன் ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டு, கூகுள் எர்த்தில் தெரியும் மலைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. ஸெலெவெட் என்ற ஊரின் பக்கம் தேடுங்கள் என்று கேமரூனிலிருந்து ஒரு துப்பு வந்தது. நாட்டின் வடகோடியில், நைஜீரிய எல்லையை ஒட்டிய சிற்றூர் அது. அங்கே முகடு பொருந்தியது. பிறகு வீடுகள் பொருந்தின, மரங்கள் பொருந்தின, பாதையின் வளைவும் பொருந்தியது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கேமரூன் ராணுவத்தின் காவல்முகாம் ஒன்று இருந்தது.

இடம் கிடைத்ததும் காலத்தைத் தேடினார்கள். படத்தில் காணும் கட்டடங்களைப் பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களோடு வைத்துப் பார்த்தபோது, சம்பவம் 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடையில் நடந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர்கள் நடந்துபோன ஒற்றையடிப் பாதை ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களில் மட்டுமே கண்ணுக்குத் தெரிவது. கடைசியில் நிழல்கள். கொலைகாரர்களின் நிழல் தரையில் விழுந்திருந்த கோணத்திலிருந்து சூரியன் நின்ற இடத்தைக் கணக்கிட்டார்கள். 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடைப்பட்ட நாள் என்று விடை வந்தது. படம் உலகத்தின் கண்ணில் படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த நால்வரும் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

விசாரணை 2018 செப்டம்பரில் வெளியானது. அதற்குள் அரசே சுருதி மாறி, ஏழு படைவீரர்களைக் கைதுசெய்திருப்பதாக ஆகஸ்டில் அறிவித்திருந்தது. 2020 செப்டம்பரில் யாவுண்டே நகரின் ராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்தாண்டும் ஒருவருக்கு இரண்டாண்டும் சிறைத்தண்டனை விதித்தது. இருவர் விடுதலையானார்கள். வழக்கு பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது. இரண்டு பெண்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பத்தாண்டு நியாயமான கணக்கா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் 'பொய்ச்செய்தி' என்று ஓர் அரசு சொன்ன சொல்லை அதன் சொந்த நீதிமன்றமே பொய்யாக்கியது. இது அடிக்கடி நடப்பதல்ல.

போர்க்குற்றங்களைச் சமூக ஊடகம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது என்று இப்போது எல்லாரும் சொல்கிறோம். ஸெலெவெட்டை நினைக்கும்போது அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. அந்தப் படத்தைப் பார்த்துப் பதைத்தவர்கள் பெருந்திரள். பதைப்போடு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அந்தப் பதைப்பு இல்லாமல் ஆய்வுக் குழு உருவாகியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசின் மறுப்பை உடைத்தவர்கள் ஒரு சிலர். எல்லாருடைய கண்ணும் அந்தப் பெண்களின் மேல் இருந்தபோது, இவர்கள் யாரும் பார்க்காத மலையையும் சுவரையும் நிழலையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் இரக்கத்தின் முதிர்ந்த வடிவம் என்று கருதுகிறேன்.

இந்தப் படங்களை எடுப்பவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களும் ஊர்க்காரர்களும் உயிரைப் பணயம் வைத்து எடுப்பவை உண்டு. ஆனால் கொலையின் அந்தக் கணத்தை, அவ்வளவு பக்கத்தில் நின்று, கை நடுங்காமல் எடுத்த படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் கொன்றவர்களே. லிபியாவின் பெங்காசியில் மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி என்ற தளபதி, செம்மஞ்சள் உடையில் மண்டியிட்ட கைதிகள் கொல்லப்படுவதற்கு ஆணையிடும் படம் 2017 ஜூலையில் ஃபேஸ்புக்கில் வந்தது. பின்னாளில் ஸெலெவெட்டில் பயன்பட்ட அதே முறையில் வெளியில் இருந்தவர்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். தரையின் கறைகள் செயற்கைக்கோள் படத்திலும் தெரிந்தன. ஆகஸ்ட் 15 அன்று பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. ஏழு சம்பவங்கள், 33 உயிர்கள். பிடியாணையின் முதுகெலும்பாக இருந்தவை சமூக ஊடகக் காணொளிகள். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அது புதிது. வெர்ஃபல்லி நிறுத்தவில்லை. 2018 ஜனவரியில் ஒரு பள்ளிவாசலின் முன்னால் மேலும் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள், இரண்டாவது பிடியாணை வந்தது. ஹேக் நகரத்தின் கூண்டில் அவர் ஒருநாளும் நிற்கவில்லை. 2021 மார்ச்சில் பெங்காசித் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. உலகமே பார்த்த குற்றம் ஒன்று, எந்த நீதிபதியின் முன்னும் விசாரிக்கப்படாமல் முடிந்தது.

கொல்பவன் படம் எடுத்து வெளியிடுவது ஆணவத்தால் என்று சொல்லிவிடலாம். அது போதாது என்று நினைக்கிறேன். அவன் யாருக்காக எடுக்கிறான்? தன் கூட்டத்தார் பார்த்து மெச்சுவதற்காக, எதிர்த்தரப்பு பார்த்து அஞ்சுவதற்காக. இரண்டும் நடக்க அந்தப் படம் பரவ வேண்டும். கோபத்தில் பகிர்கிறவரும் களிப்பில் பகிர்கிறவரும் அந்த இடத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்று 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் தன் 13-ஆம் பிரிவில் சொல்கிறது. தொலைக்காட்சியே குழந்தையாக இருந்த காலத்தில் எழுதிய விதி. இன்று அதை மீறாத தரப்பு எதுவும் இல்லை. 2022-இல் தாக்கப்பட்ட நாடான உக்ரைன்கூட, பிடிபட்ட, இறந்துபோன ரஷ்ய வீரர்களின் படங்களை டெலிகிராமில் வரிசையாக வெளியிட்டது. அந்த நாட்டின் பக்கம்தான் நியாயம் என்று நினைப்பவன் நான். அதனாலேயே அதைச் சுட்டுகிறேன்.

நம் கதைக்கு வருகிறேன். தமிழில் இந்தப் பொருளை எழுதிவிட்டு, இலங்கைப் போரின் கடைசி மாதங்களைக் கண்ட வன்னியைத் தாண்டிப் போக முடியாது.

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளர்களுக்கு உள்ளே இடமில்லை. 2009-இன் முதல் ஐந்து மாதங்கள், சுருங்கிக்கொண்டே போன ஒரு கடற்கரைப் பட்டைக்குள் லட்சக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்தபோது, வெளியுலகத்துக்கு வந்தவை மருத்துவர்களின் தொலைபேசிக் குரல்களும், தமிழ்நெட் போன்ற தளங்களின் செய்திகளும், சில படங்களும்தான். இன்று காஸாவில் ஒரு பெண் தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, தான் இன்னும் உயிரோடிருப்பதாக உலகத்துக்குச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குகிறாரே, அப்படியொரு வாய்ப்பு முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களுக்கு இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி நம்மில் பலரையும் அரித்ததுண்டு. காஸாவைப் பார்த்த பிறகு அதற்கான பதில் ஆறுதலாக இல்லை.

போர் முடிந்த மூன்றாம் மாதம், 2009 ஆகஸ்ட் 25 அன்று, பிரிட்டனின் சேனல் 4 ஒரு சிறிய கைபேசிக் காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்ட, ஆடையற்ற இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சுடப்படுகிறார்கள். அதை வெளியே கொண்டுவந்தது 'இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள்' என்ற அமைப்பு. நாட்டை விட்டு ஓட நேர்ந்த சிங்கள, தமிழ் ஊடகக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. இதில் சிங்கள ஊடகக்காரர்களின் பங்கைத் தமிழ்நாட்டில் நாம் போதிய அளவு சொல்வதில்லை. கொழும்பு உடனே மறுத்தது. படம் புனையப்பட்டது என்றது, தன் பக்கத்து நிபுணர்களை வைத்து அறிக்கை தந்தது.

2010 ஜனவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவர் ஒருவர், துப்பாக்கி நிபுணர் ஒருவர், காணொளி நிபுணர் ஒருவர் என மூன்று பேரிடம் கேட்டுத் தன் முடிவைச் சொன்னார். துப்பாக்கியின் பின்னுதைப்பு, உடல் சரியும் விதம், ரத்தம் ஓடும் விதம் எல்லாம் மெய்யான கொலைக்கு ஒத்தவை. படம் மெய்யானதாகவே தோன்றுகிறது. ஆனால் விளக்கம் தேவைப்படும் சில விஷயங்கள் இருந்தன. சுடப்பட்டவர்களில் சிலரது அசைவுகள், கடைசியில் ஒட்டியிருந்த 17 சட்டகங்கள், கோப்புக்குள் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்ததோ மே மாதம். இவை ஒவ்வொன்றுக்கும் படம் மெய் என்ற முடிவோடு ஒத்துப்போகும் விளக்கம் உண்டு என்றார் ஆல்ஸ்டன். மறுப்பவர்களுக்கு அந்த இடுக்குகள் போதுமாயிருந்தன. 2011-இல் இன்னும் நீளமான பதிவை ஆராய்ந்த அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸும் அது மெய் என்றே முடிவுசெய்தார்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். ஜூலை 17 என்ற தேதி ஏன் வந்தது? கருவியில் நாள் தவறாக இருந்திருக்கலாம். எடுத்தவரின் கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய நாளாக இருக்கலாம். அந்தக் கோப்பு எத்தனை கை மாறி லண்டனுக்கு வந்தது என்ற வரலாறு முழுதாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வரலாற்றைச் சொன்னால் கொடுத்தவர் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் சான்றுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் கசங்கிய ஒரு கோப்பைத்தான் நாம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் வைத்திருக்கிறோம்.

1945 நவம்பர் 29 அன்று நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நாஜி வதைமுகாம்களின் திரைப்படம் காட்டப்பட்டது. காட்டுவதற்கு முன்னால், அதை எடுத்தவர்களின் பிரமாணப் பத்திரங்கள் வாசிக்கப்பட்டன. இது எடுத்தபடியே இருக்கிறது, திருத்தப்படவில்லை என்று பெயர் போட்டுச் சத்தியம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். வென்ற படையின் கையில் இருந்த படச்சுருள் அது, சத்தியம் செய்தவருக்கு அச்சமில்லை. வன்னிக் காணொளிக்காகச் சத்தியம் செய்ய முன்வருபவர் எங்கே நின்று செய்வார்? எண்பது ஆண்டுகளில் கருவி எவ்வளவோ மாறிவிட்டது. இது இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் எடுத்தது, அன்றிலிருந்து யாரும் தொடவில்லை என்று பொறுப்பேற்று ஒரு குரல் சொல்ல வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

அந்தப் பொறுப்பு இப்போது யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் என் கவலை. சிரியாப் போர் அளவுக்குப் படமாக்கப்பட்ட போர் அதற்கு முன் இல்லை. ஊர்க்காரர்கள் குண்டு விழுந்த சில நிமிடங்களில் யூடியூப்பில் ஏற்றினார்கள். அவர்களுக்கு வேறு பெட்டகம் இல்லை. கணினியை உடைத்தாலும் வீட்டை எரித்தாலும் யூடியூப்பில் இருப்பது பத்திரம் என்று நம்பினார்கள். 2017 ஆகஸ்டில் தீவிரவாதப் படங்களைக் களைவதற்காக அந்த நிறுவனம் புதிய இயந்திரக் கற்றல் முறையைக் கொண்டுவந்தது. கொலையைக் கொண்டாடும் படத்துக்கும் கொலையைப் பதிவுசெய்த படத்துக்கும் உள்ள வேறுபாடு இயந்திரத்துக்குப் புரியவில்லை. சிரியாவின் ஆவணக்காரர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த அலைவரிசைகள் சில நாட்களில் மறைந்துபோயின. சில முறையிட்ட பிறகு திரும்பின, பல திரும்பவில்லை. எடுத்தவர் பின்னர் கொல்லப்பட்டிருந்தால் யார் முறையிடுவது?

நல்லவேளையாக 2014-லேயே ஹாதி அல்-காத்திப் போன்றவர்கள் 'சிரியன் ஆர்க்கைவ்' என்ற முயற்சியைத் தொடங்கியிருந்தார்கள். பெர்லினில் இருந்துகொண்டு, கண்ணில்பட்டதையெல்லாம் தங்கள் சேமிப்பகத்துக்கு இறக்கி, இடமும் நாளும் குறித்து, கோப்பு மாற்றப்படவில்லை என்று பின்னாளில் நிறுவும் வகையில் வைத்தார்கள். அப்படி யாரும் எடுத்து வைக்காதவை போயே போயின. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2020-இல் தன் பழைய அறிக்கைகளையே திறந்து பார்த்தது. குற்றங்களுக்குச் சான்றாகச் சுட்டியிருந்த 5,396 பதிவுகளில் 619 இணையத்தில் இல்லை. ஒன்பதில் ஒன்று. அடிக்குறிப்பு மட்டும் நிற்கிறது, அது சுட்டும் இடம் வெறுமையாக இருக்கிறது.

அப்படி ஒரு படம் காக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்வீடனில் ஓர் எடுத்துக்காட்டு. பிடிபட்ட ஏழு சிரியா அரசுப் படைவீரர்களை 2012-இல் கொன்ற வழக்கில் கிளர்ச்சியாளர் ஒருவர் ஸ்டாக்ஹோமில் நிறுத்தப்பட்டார். முறையாக விசாரித்துத் தீர்ப்பளித்தபடிதான் தண்டனை நிறைவேற்றினோம் என்றார் அவர். வீரர்கள் பிடிபட்ட நேரத்தையும் கொல்லப்பட்ட நேரத்தையும் கிளர்ச்சியாளர்களின் பதிவுகளிலிருந்தே நீதிமன்றம் குறித்தது. இடையில் இரண்டு நாள்கூட இல்லை. விசாரணை என்று ஒன்று நடந்திருக்க வழியில்லை. 2017-இல் ஆயுள் தண்டனை. நேரம் அழியாமல் இருந்ததால் வந்த தீர்ப்பு இது.

மியான்மர் இதன் மறுபக்கம். ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான நஞ்சு பல ஆண்டுகள் ஃபேஸ்புக்கில் ஊறியது. 2018 மார்ச்சில் ஐ.நா.வின் உண்மையறியும் குழுத் தலைவர் மர்சுகி தருஸ்மான், அந்த வன்முறையில் சமூக ஊடகத்துக்குத் தீர்மானிக்கும் பங்கு இருந்தது என்றார். இவரே 2011-இல் இலங்கை பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவுக்கும் தலைமை தாங்கியவர். கடைசி மாதங்களில் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு வந்தது அந்த அறிக்கையில். 2018 ஆகஸ்டில் ஃபேஸ்புக், மியான்மர் ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்குடையவை உட்பட 18 கணக்குகளையும் 52 பக்கங்களையும் நீக்கியது. தாமதமாக வந்த நல்ல முடிவு. ஆனால் நீக்கியவற்றில் இனப்படுகொலைக்கு ஊக்கம் தந்ததன் சான்றுகளும் இருந்தன. அவற்றைக் கேட்டு, பன்னாட்டு நீதிமன்றத்தில் மியான்மர் மீது வழக்குத் தொடுத்திருந்த காம்பியா அமெரிக்க நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் சார்பான உத்தரவு கிடைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதன் பெரும்பகுதி திருப்பப்பட்டது. குற்றம் நடந்தபோது தடுக்காத நிறுவனம், குற்றம் முடிந்த பிறகு சான்றைப் பூட்டி வைத்துக்கொண்டது. பொதுமக்களின் கண்ணிலிருந்து நீக்குவது வேறு, நீதிமன்றத்தின் கையிலிருந்து நீக்குவது வேறு. நிறுவனங்களுக்கு இந்த வேறுபாட்டைச் சட்டம்தான் கற்பிக்க வேண்டும். நீக்கப்படும் போர்ப்பதிவுகளைப் பூட்டிக் காத்து, தகுதியுள்ள விசாரணை கேட்டால் தருவது கட்டாயமாக வேண்டும். நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்தது போதும்.

பொதுக்கருத்து என்ற பெரும் சக்தியைத் தமிழ்நாடு 2013-இல் கண்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டு படங்கள் வெளியாயின. ஒன்றில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், மணல்மூட்டைக் காப்பரணில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறான். இன்னொன்றில் மார்பில் குண்டுக்காயங்களோடு கிடக்கிறான். இரண்டும் சில மணிநேர இடைவெளியில் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்று கோப்புகளை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். மோதலில் இறந்தான் என்ற கதையை உடைத்தது அந்த ஆய்வு. தமிழ்நாட்டை உலுக்கியது அந்தத் தின்பண்டம். மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாட்களில் மாநிலம் முழுவதும் கல்லூரிகள் பொங்கின, அரசு கல்லூரிகளை மூடியது. கட்சிகள் கூப்பிடாமலேயே மாணவர்கள் ஒருங்கிணைந்ததில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு. மார்ச் 19 அன்று திமுக மத்திய அரசுக்கான ஆதரவை விலக்கியது. 21 அன்று ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

அந்த மாணவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அவர்கள் தெருவுக்கு வந்தது மெய்யான துயரத்தோடு. ஆனால் அந்த அலை அடங்கிய பிறகு நம்மிடம் என்ன மிஞ்சியது? சுவரொட்டிகளில் சிறுவனின் முகம் மிஞ்சியது. மேடைப் பேச்சுகள் மிஞ்சின. வன்னியிலிருந்து உயிர்தப்பி மண்டபத்திலும் பிற முகாம்களிலும் வாழ்ந்தவர்களின் வாக்குமூலத்தை முறைப்படி எழுதி, நாளும் இடமும் குறித்து, அவர்களிடமிருந்த படங்களை மூலக்கோப்போடு சேர்த்து வைக்கும் ஒரு பெரிய ஆவணக்களத்தை அந்த எழுச்சியின் வேகத்தில் நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது தொடங்கியிருக்கலாம். அது நடக்கவில்லை. மாறாக, கிடைத்த படங்களை வெட்டி, சோக இசை சேர்த்து, அமைப்பின் சின்னத்தை மேலே பொறித்து மறுபடி மறுபடி பரப்பினோம். விதைநெல்லை அவித்துத் தின்ற கதை அது.

இப்போது காஸா. 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் அனுமதிக்காததால், உள்ளூர்க்காரர்களின் கைபேசிதான் உலகத்தின் கண். கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பேசுவதாக நான் முன்னால் சொன்ன அந்தப் பெண் பிசான் ஔதா. அவருடைய பதிவுகளுக்கு 2024-இல் பீபடி விருது கிடைத்தது. மறுபக்கத்தில் இஸ்ரேலிய வீரர்கள் தாங்களே எடுத்து வெளியிட்ட படங்கள். 2024 ஜனவரியில் பன்னாட்டு நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்காவின் வழக்கறிஞர்கள் இனப்படுகொலை நோக்கத்துக்குச் சான்றாக அந்த வீரர்களின் ஆட்டமும் பாட்டும் கொண்ட காணொளியைத் திரையிட்டார்கள். இதே காலத்தில்தான் பாலஸ்தீன ஆதரவுப் பதிவுகளை இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் ஒடுக்குவதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்தது. அது பார்த்த 1,050 நிகழ்வுகளில் 1,049 அமைதியான ஆதரவுப் பதிவுகள். இதே காலத்தில்தான் சிரியாவின் பழைய படங்களும், 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகளும்கூட அந்தப் போரின் படங்களாக உலா வந்தன.

ஆர்வத்தில் ஒரு பொய்ப்படத்தைப் பகிர்ந்துவிட்டால் என்ன குடிமுழுகிவிடும், நோக்கம் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. குடி முழுகும். ஒரு பொய்ப்படம் அம்பலமாகும்போது பக்கத்தில் நிற்கும் நூறு மெய்ப்படங்களின் மேல் சேறு விழுகிறது. உக்ரைனின் புச்சா நகரத் தெருவில் கிடந்த உடல்கள் ரஷ்யப் படை வெளியேறிய பிறகு அரங்கேற்றப்பட்டவை என்று மாஸ்கோ சொன்னபோது, மார்ச் மாதத்துச் செயற்கைக்கோள் படங்களில் அதே இடங்களில் உடல்கள் தெரிந்ததால் அது பொய் என்று காட்ட முடிந்தது. செயற்கை நுண்ணறிவு எந்த முகத்தையும் எந்தத் தெருவையும் வரைந்து தரும் காலம் வந்துவிட்டது. இனி 'புனைவு' என்ற மறுப்பு இன்னும் எளிதாக வாயில் வரும். அப்போது கைகொடுக்கப்போவது எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை அல்ல, கோப்பின் வரலாறுதான்.

2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மற்ற ஊர்களிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரம் படங்களை ஏந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமலேயே இறந்துவிட்டார்கள். அவர்களுக்கு நாம் அனுப்பும் பகிர்வுகள் வேண்டியதில்லை. தங்கள் பிள்ளை எந்தச் சோதனைச்சாவடியில், எந்தப் பேருந்தில், எந்த அதிகாரியின் கையில் ஒப்படைக்கப்பட்டான் என்று காட்டும் ஒரு சட்டகம் எங்கோ ஒரு பழைய கைபேசியில் இருக்கலாம்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம், குறிப்பாக டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சென்னையிலும் 2009-இன் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இன்னும் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய கைபேசியைத் தூக்கி எறியாதீர்கள். மூலக்கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, உள்ளே பதிந்திருக்கும் நாளையும் கருவியின் விவரத்தையும் உதிர்த்துவிடும். வெட்டாமல், பெயர் மாற்றாமல், இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுத்து வையுங்கள். யாரிடமிருந்து, எப்போது, எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி நாளிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்தவருக்கு ஆபத்து இருந்தால் அந்தத் தாளைத் தனியே பூட்டி வையுங்கள். இலங்கையில் நடந்தவற்றின் சான்றுகளைத் திரட்டவும் காக்கவும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் வழியாக மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்கு அதிகாரம் அளித்தது; அதற்கென அங்கே ஒரு பிரிவு இயங்கிவருகிறது. அதன் ஆயுளைப் பேரவை அவ்வப்போது புதிய தீர்மானங்கள் வழியாகத்தான் நீட்டித்துவருகிறது. அது இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேருங்கள்.